பீரமுகர் பிச்சைக்கு வந்த நாள்

எங்க பெரியப்பாவுக்குப் பேரு வச்சதே நான்தான். பீரமுகர். பீரும் பிரமுகரும் கலந்த காக்டெய்ல். மனுஷனுக்கு முதல்ல பீர் ஃபேக்டரில பங்கு வந்துச்சு, பின்னாடியே கட்சில பதவி, அதுக்கும் பின்னாடி ஊரு பூரா ஃபிளெக்ஸு. காலேஜ் திமிருல ஸ்டேட்டஸ் வேற போட்டுட்டேன். தூத்துக்குடியே சிரிச்சுட்டு. அவரு சிரிக்கல. எங்கப்பாகிட்ட பேசுறதயே நிறுத்திட்டாரு. ஒரு வருஷம் எங்க வாசப்படி மிதிக்கல.

இந்த தசராவுக்கு வந்தாரு. பிச்சைக்காரரா.

பெரியம்மாவுக்கு ஹார்ட்டுல ஆபரேஷன்னு சொன்னதும் குலசை அம்மனுக்கு நேந்துட்டாராம். வேஷம் கட்டி, வீடு வீடா தர்மம் எடுத்து, உண்டியல்ல சேக்கணும். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி போயி கோணிச் சாக்கு, மூஞ்சில கரி, கையில அலுமினியத் தட்டு.

நான் ஜன்னல் வழியா பாத்துட்டு இருக்கேன். எதுத்தாப்ல மளிகைக்கடை அண்ணாச்சி செருப்பக் கழட்டிப்போட்டு ஓடியாந்து, கோணிச் சாக்கு மேலயே சால்வயப் போத்துதாரு! "தலைவரே, நம்ம பட்டா விஷயம் கொஞ்சம்..." தட்டுல ஐநூறு ரூவா நோட்டு. இன்னொருத்தன் செல்ஃபி எடுக்கான். சிரிச்சு செத்தேன்.

அடுத்து எங்க வீடு. வாசல்ல நின்னு சால்வய உருவி மதில்ல போட்டாரு. கரியெல்லாம் வேர்வையில வழியுது.

"ஏலே, காலைலருந்து ஒருத்தன் பிச்ச போடலலே. எல்லாவனும் வணக்கம் போடுதான், மனு குடுக்கான். இப்படி வாங்கிட்டுப் போனா அம்மன் ஏத்துக்குவாளா? ஒனக்குதான் எம்மேல மரியாதையே கிடையாதே. நீ போடுலே."

நாலு டயலாக் ரெடியா வச்சிருந்தேன். அதெல்லாம் விட்டுட்டு, பத்து ரூவா காயின எடுத்துப் போட்டேன். டங்குன்னு விழுந்துச்சு. அத எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. கண்ணு கலங்கிட்டு, அவருக்கும்தான்.

உள்ள இருந்து எங்கப்பா குரல். "மைனிய என்னைக்கு அட்மிட் பண்ணுதாங்க?"

"திங்கக்கெழமை."

"நானும் வாரேன்."

பெரியப்பா தலைய மட்டும் ஆட்டுனாரு. அப்படியே அடுத்த வீட்டப் பாத்து நடந்தாரு. அங்கன வாத்தியார் மாமா சட்டை பட்டனெல்லாம் போட்டு, ரெண்டு கையையும் கூப்பி ரெடியா நிக்காரு.

செருப்பு கூட போடல, அவருக்கு முன்னாடி ஓடுனேன்.

"மாமா, கைய எறக்குங்க. வணக்கம்லாம் வேண்டாம், பிச்ச மட்டும் போடுங்க. எங்க பெரியம்மாவுக்கு."