ஹெல்மெட்டுக்குள் விசிலடித்த காது மிஷின்

என் வீட்டுக்காரர் ஆவடி பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் மோட்டார் சைக்கிளை விடவில்லை. பின்னால் உட்காருகிற உரிமை எனக்குத்தான். பட்டாபிராமில் எங்கள் தெருவில் வேறெந்தக் கிழவியும் அப்படிப் போவதில்லை. பொறாமைப்படுகிறவர்கள் படட்டும்.

சங்கடம் காது மிஷினால் வந்தது. இவருக்குக் காது மந்தம் என்று டாக்டர் கொடுத்த மிஷினைக் காதில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினால் ‘கீ’ என்று விசிலடித்தது. இவர் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலை பத்திரம், காது அவுட்.

ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது பின்னால் தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் பாட்டுக்கு வலது பக்கம் திரும்பினார். லாரி கிறீச்சென்று எங்களை ஒட்டி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “யோவ் பெர்சு, ஊட்ல சொல்லிகினு வந்தியா?” என்று கத்தினான். கேட்டால்தானே! யாரோ தெரிந்தவர் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, இவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

விஷயம் மகனுக்கு எட்டியது. “வண்டிய வித்துடலாம்மா” என்றான். வண்டி போனால் இந்த மனுஷன் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார். இப்படியே ஓட்டினாலோ இரண்டு பேருக்கும் மாலைதான். “கொஞ்சம் பொறுடா” என்றேன்.

நானே ஒரு வழி செய்தேன். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் ஓரமாக நிறுத்த வேண்டும். நான் இறங்கிப் போய்க் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்துவேன். அவர் திரும்பி அந்தப் பக்கம் நின்றதும் மறுபடி ஏறிக்கொள்வேன்.

முதல் நாளே ஓர் ஆட்டோக்காரன், “இன்னா ஆயா, போலீஸ் தொப்பி எங்க?” என்றான்.

“உன் ஆட்டோலதான் உட்டுட்டேன், தேடிப் பாரு நைனா” என்றேன்.

கையை இறக்கித் திரும்பினால் இவரைக் காணோம். நான் ஏறிவிட்டதாக நினைத்துப் போயே போய்விட்டார்.

மார்க்கெட் கூடையோடு நடந்தேன். பாதி வழியில் எதிரே ஓடி வருகிறார். வண்டி இல்லை, ஹெல்மெட் இல்லை, ஒரு கால் செருப்பும் இல்லை. ரோட்டோரப் பள்ளத்தையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். என்னைக் கண்டதும் மிஷினை எடுத்துக் காதில் செருகினார்.

“எங்கமே உழுந்தே? அடி கிடி பட்டுச்சா?”

“ஏறவே இல்ல, எங்கேர்ந்துய்யா உழறது?”

“வழியெல்லாம் உன்னாண்ட பேசிகினே போனேனே. கத்திரிக்கா வாங்கலாமான்னு கேட்டேன்.”

“நான் இன்னா சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல. கோவமா கீறேன்னு நெனச்சேன்.”

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் என் கையைப் பிடித்தவர் வண்டியைப் போய் எடுக்கும்வரை விடவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி ஹெல்மெட் கடைக்குப் போனோம். மிஷினைக் காதில் வைத்தபடியே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விசிலடித்ததைக் கழற்றினோம். தலையில் ஆடியதைத் தள்ளினோம். கடைக்காரருக்கே கொட்டாவி வந்துவிட்டது. கடைசியில் காதோரம் குழிவாக, தலையில் கெட்டியாக உட்காருகிற ஒன்று கிடைத்தது. “பேசு” என்றார். பேசினேன்.

“கத்தாதமே, கேக்குது” என்று முகம் சுளித்தார்.

இப்போது திருப்பம் வந்தால் தானே ஓரம் கட்டி, “போலாமா?” என்று கேட்கிறார். முன்னாலும் பின்னாலும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.