பாவுக்கு அடியில் புகுந்தவள்

காஞ்சிபுரத்தில் நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே ஒரு நெசவு வீடு. கணவனும் மனைவியும் நெய்வார்கள். அவர்களுடைய நான்கு வயது மகள் தறிக்காலோடு கட்டப்பட்டிருந்தாள். முதலில் பார்த்தபோது திக்கென்றது. பிறகுதான் கயிற்றைக் கவனித்தேன். கழிவுப் பட்டு நூலை முறுக்கிய கயிறு, இடுப்பில் உறுத்தாது. அவிழ்த்துவிட்டால் குழந்தை தறிக்குழியில் விழும், அல்லது நூலை அறுத்துவிடும். தவழும் வயதில் இப்படிக் கட்டுவதை வேறு சில வீடுகளிலும் பார்த்தேன். நடக்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். இவளுக்கு மட்டும் அவிழ்க்கவில்லை. எட்டு மாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவள்.

"நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குதுண்ணா. நெஞ்சுல ஏதோ கோளாறு இருக்குது," என்பாள் தாய்.

பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் பெண் உட்கார்ந்துவிடுவாள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளை, லாரி, சாயப்பட்டறை என்று ஊர் ஊராகப் பிழைத்தவன். சூளையில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரியான சோறு கிடையாது, காலில் மட்டும் வலு இருக்கும். வேறு வழியில்லாமல் வந்த வலு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த வீட்டில் முட்டையும் பாலும் கொடுத்தும் பெண்ணின் தொடை என் மணிக்கட்டு கனம்கூட இல்லை.

ஒருநாள் அவர்களுக்குத் துணையாக அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார்.

"இதயம் நல்லா இருக்குதும்மா. உக்காந்தே இருக்கிறா, அதான் மூச்சு வாங்குது. வேர்க்க வேர்க்க விளையாட விடுங்க."

"மருந்து?"

"ஒண்ணும் வேணாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் தாய் புலம்பினாள். "மூச்சு வாங்குதுன்னு போனா, மூச்சு வாங்க ஓடச் சொல்றாங்க. இன்னா டாக்டரோ!" ஆனாலும் மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்து வாசலில் விட்டாள்.

அன்று தெருவில், தறியில் ஏற்றப்போகும் பாவு போட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் சிவப்புப் பட்டு நூல், இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. பெரியவர்கள் இருபுறமும் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. நூலில் தலை படாமல் குனிந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுவார்கள். பட்டால் முதுகில் அடி விழும்.

நம் பெண்ணும் புகுந்தாள். நடுவில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். எழுந்தால் தலை நூலில் இடிக்கும்.

"அசையாதடி!" என்று கத்தினான் தகப்பன். தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிறுமி குனிந்து பார்த்தாள். "தவளை மாதிரி வாடி! அழுமூஞ்சி, வாடி!"

இவள் கையை ஊன்றித் தவளையாகவே போனாள். வெளியே வந்தபோது மூச்சு இரைத்தது. தாய் தூக்க ஓடினாள். அதற்குள் பெண் திரும்பவும் அடியில் புகுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வருவதற்குள் அவள் தவழாமல் குனிந்தே ஓடினாள். படியேறி என் அறைக்கு வந்து கதவைத் தட்டினாள். ராத்திரி தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை என்றாள் தாய். ஒருமுறை ஓடிவந்து என்மேல் மோதி நின்றவளின் முதுகில் கைவைத்தேன். உள்ளே இதயம் குதித்தது. நான் கையை எடுப்பதற்குள் அமைதியாகிவிட்டது. சூளையிலும் பட்டறையிலும் எத்தனையோ பொருள் உருவாவதைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். இந்த உடம்பு ஓட ஓடத் தன்னைத்தானே செய்துகொண்டது. அதைச் செய்துகொள்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. அவள் நூலில் தலை படாமல் ஓடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தாய்க்கு மட்டும் பயம் விடவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிடித்து நிறுத்தி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் விடுவாள்.

தாமல் ஏரி நிரம்பிய செய்தி வந்ததும் எல்லோரும் பார்க்கப் போனோம். கரை செங்குத்தாக இருந்தது, மழையில் வழுக்கியது. பெண் தாயின் கையை உதறிவிட்டு, புல்லைப் பிடித்து ஏறினாள். உச்சியில் நின்று, "யம்மா, கடலு! சீக்கிரம் வாம்மா!" என்று கத்தினாள்.

தாய் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச மூச்சில்லை. மேலே போனதும் வழக்கம்போலப் பெண்ணை இழுத்து நெஞ்சில் காது வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"என் மூச்சு சத்தந்தாண்ணா கேக்குது," என்றாள்.

பிறகு கையை விட்டுவிட்டாள். தண்ணீரை ஒட்டிக் கரைமேல் ஓடும் பெண்ணை, திரும்பக் கூப்பிடாமல், பார்த்துக்கொண்டே நின்றாள்.