முதுகைக் காட்டிய டிரம்

ஊரில் எனக்கு "முதுகுகாட்டி" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இருபது வருஷம் ஆகியும் போகவில்லை. காட்டியது என் முதுகு அல்ல, என் டிரம்மின் முதுகு.

அறுபதுகளின் நடுவில் தென்காசியில் நாங்கள் நான்கு பேர் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். கிதார், அக்கார்டியன், ஒரு பாடகன், டிரம் அடிக்க நான். கிதார்க்காரன்தான் தலைவன் மாதிரி. சர்ச்சில் வாசிக்கக் கற்றவன். டுவிஸ்ட், ராக் என்று ரேடியோவில் கேட்டதையெல்லாம் மறுநாளே வாசித்துவிடுவான். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நாங்களே போட்ட மெட்டுகளையும் வாசிப்போம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

டிரம் என்னுடையது. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தைத்துச் சேர்த்த காசில் பழையதாக வாங்கியது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மில், ஜனங்கள் பக்கம் இருக்கும் தோலில் குழுவின் பெயரை மஞ்சள் பெயிண்டில் நானே எழுதினேன். ஒரு எழுத்து கொஞ்சம் சரிந்துவிட்டது. அதையும் கேலி செய்தார்கள்.

ஒரு சீசனுக்குக் குற்றாலத்தில் தினமும் கச்சேரி கிடைத்தது. அருவிக்குப் போகிறவர்கள் உடம்பில் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய் விற்கும் முதலாளி ஒருவர் மேடை, மைக், தங்க இடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு டிரம்மில் எங்கள் பெயரை அழித்துவிட்டு எண்ணெயின் பெயரை எழுத வேண்டும்.

"பேரு என்னலே பெரிய பேரு? நாம வாசிக்கதத்தான ஆளுக கேக்கப் போறாக," என்றான் கிதார்க்காரன்.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எனக்கும் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். பெயிண்டர் வந்து மஞ்சள் மேல் பச்சை பூசி, சிவப்பில் எண்ணெயின் பெயரை எழுதினான். அவன் எழுத்து ஒன்றுகூடச் சரியவில்லை.

முதல் நாள் சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் டிரம்மைத் திருப்பி வைத்தேன். சிவப்பு எழுத்து என் பக்கம். மிதித்தால் பெடலின் கட்டை நேராக அதன் மேல் விழும். ஜனங்களின் பக்கம், அத்தனை நாள் அடிவாங்கிக் கறுத்த வெறும் தோல்.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் முதலாளி மேடையோரம் வந்தார்.

"எங்கலே நம்ம பேரு?"

"இங்கன இருக்கு அண்ணாச்சி."

"அங்கன இருந்தா எவம்லே பாப்பான்?"

"நான் பாக்கேன்லா."

முன்வரிசை சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"திருப்புலே."

"டிரம்மு என்னுது அண்ணாச்சி. திருப்ப மாட்டேன். வேணும்னா துணியில எழுதிப் பின்னால தொங்க விடுங்க."

மேடையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. கச்சேரியை முடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு மிதியும் அந்தச் சிவப்பு எழுத்தின் மேல்.

"எங்க சோத்துல மண்ணப் போடுதியேலே," என்றான் கிதார்க்காரன், இறங்கியதும்.

"சோறு வேணும்னா மண்டிக்கு வா. மூட்டை தைக்கவன் முதுகுல அங்க எவனும் பேரு எழுத மாட்டான்."

மறுநாள் காலை டிரம்மைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அவர்கள் கையால் தட்டும் பாங்கோஸ் கொட்டு வாசிப்பவன் ஒருவனை வைத்துச் சீசனை ஓட்டினார்கள். பின்னால் பெரிய துணி தொங்கியதாம். எங்கள் மெட்டு ஒன்றுக்கே எண்ணெயைப் பற்றி வார்த்தை போட்டுப் பாடினார்களாம். அடுத்த வருஷம் பல்பொடிக்கு வாசித்தார்கள், அதற்கடுத்த வருஷம் பீடிக்கு. ஊரில் அவர்களை எண்ணெய்ப் பார்ட்டி என்றுதான் சொன்னார்கள். குழுவின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

கிதார்க்காரன் இப்போதும் பார்த்தால் நின்று பேசுவான். "அன்னைக்கு நீ திருப்பாம இருந்திருந்தா நல்லா இருந்திருப்பலே," என்பான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்றைக்கு அதே மேடையில் உட்கார வைத்தாலும் திருப்பித்தான் வைப்பேன்.

கல்யாண வீடுகளில் யாராவது "ஏ முதுகுகாட்டி" என்று கூப்பிட்டால், கூச்சமாக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். அது நான் சம்பாதித்த பெயர். இதன் மேல் ஒருத்தனும் பச்சை பூச முடியாது.