முதல் பந்தியில் தாட்சாயணி அக்கா

சித்தூர் மாங்கூழ் ஆலையில் என்னோடு வேலை செய்யும் தாட்சாயணி அக்காவுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் போனது. உணவுக்குழாயில் புற்றுநோய். அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி ஹேமநாத் டாக்டரிடம் கேட்டுக்கொண்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய் அவளுக்கு, ரகசியம் இவனுக்கா?

திருப்பதி ஆஸ்பத்திரியில் அக்கா நேராகவே கேட்டாள். டாக்டரம்மா மறைக்கவில்லை. வயிற்றில் துளை போட்டுக் குழாயில் கஞ்சி ஊற்றிவிடலாம், வீட்டோடு இருக்கட்டும் என்றான் ஹேமநாத். உணவுக்குழாயில் ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைத்தால் வாயாலேயே சாப்பிடலாம், ஆனால் நோய் குணமாகாது, வழி திறக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா.

"வாய் என்னுது. வாயாலதான் துன்னுவேன்" என்றாள் அக்கா.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அடைப்பைத் தாண்டி மெல்லிய கம்பி ஒன்றை விட்டார்கள். சுருக்கி வைத்த வலைக்குழாயை அந்தக் கம்பியின் மேலேயே நகர்த்தி, எக்ஸ்ரே திரையில் இடம் பார்த்து விடுவித்தார்கள். அது மெல்ல விரிந்து அடைப்பை ஒதுக்கிக்கொண்டு நின்றது. மயக்கம் தெளிந்ததும் வந்த நெஞ்சு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவள், முதல் வாய் மோர் இறங்கியதும் அழுதாள். நானும்தான்.

நன்றாகக் குழைத்துச் சாப்பிட வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், நடுநடுவே தண்ணீர், நார் ஆகவே ஆகாது என்றார் டாக்டரம்மா. பழத்தில் நார் எடுத்தே காலம் தள்ளுகிறவளிடமா என்று அக்கா சிரித்தாள்.

அடுத்த மாதம் கார்வேட்டிநகரத்தில் ஹேமநாத் மகள் ஹரிதாவுக்குக் கல்யாணம். பந்தியில் விழுங்கும்போது இருமினால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள், உள்ளறையில் சாப்பிடு என்றான் அவன். அக்கா நேரே போய் முதல் பந்தியில், சம்பந்தியம்மாளுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவன் பின்னாலேயே வந்து குனிந்து கெஞ்சினான்.

"எத்தினி நாளு இருப்பேனோ தெரியாது ஹேமு. இருக்கிற வரிக்கும் எனக்கும் எலை போடணும்."

இலை விழுந்தது. ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர் என்று சாப்பிட்டாள். எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் எழுந்தால் மரியாதையில்லை. கை காயக் காய வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தது, சம்பந்தியம்மாளும்தான். அக்கா அவசரப்படவில்லை.

கடைசி வாயை விழுங்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"பாயசம் வரல."

ஹேமநாத்தே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.