ஓணத்துக்குப் பெயிண்ட் அடிக்காத சுவர்

போன வாரம் ஓணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். பாயசத்தைக் கையில் கொடுத்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்... அடுத்த நொடி கண் ஹாலின் மூலைக்குப் போய்விடும். அங்கே பெயிண்ட் இல்லாமல் சுரண்டிப் போட்ட ஒரு சுவர். அதில் பென்சிலால் வளைவு வளைவாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி.

பக்கத்து வீட்டு சுதா டீச்சர் மட்டும் நேராகவே கேட்டுவிட்டார். "ஓணமல்லே சேச்சி... ஒரு கோட் பெயிண்டாவது அடிச்சிருக்கலாமே?"

அடித்திருக்கலாம்தான். பதினோரு வருஷமாக அதைத்தானே செய்தேன்? இந்த வருஷம் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

திருவனந்தபுரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனி, ஆடி முழுக்க மழையில் ஊறிக் கிடக்கும் சுவருக்கு, ஆவணி பிறந்ததும் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடிப்போம். ஓணம் வருகிறதே! சுவர் காய்ந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? விருந்தாளி வரும் நாளில் பளபளவென்று இருக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கை பட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அடுத்த ஓணத்துக்கு மறுபடியும் பெயிண்ட். மலையாளி, தமிழர் என்ற பேதமெல்லாம் இந்த விஷயத்தில் கிடையாது.

இந்த ஆனியில் பெங்களூரிலிருந்து என் மகன் மணி வந்திருந்தான். அவன் அப்பா போய் மூன்று வருஷமாகிறது. ஸ்ரீவராகத்து வீட்டில் நான் மட்டும்தான், வயது அறுபத்தொன்று. வந்த அன்றே அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தான். ஈரம். பூஞ்சை வாசனை வேறு. மறுநாளே ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

காண்ட்ராக்டர் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். சுவரை விரலால் இரண்டு தட்டு தட்டினார். எல்லாம் மழைத் தண்ணி, சுவர் போய்விட்டது, இடித்துக் கட்ட வேண்டும் என்றார். அதைவிட வீட்டை இப்படியே கொடுத்துவிடலாம், நல்ல இடம் என்றும் சொன்னார். எல்லாம் இரண்டே நிமிஷம். டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்!

மகன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எனக்கு மூச்சுத் திணறல் வரும், வழுக்கி விழுவேன், யார் பார்ப்பது என்று வரிசையாகச் சொன்னான். அவன் பயம் நிஜம். நான் அதைக் குறை சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டான்.

"ஓணத்துக்கு நான் வரும்போ சொவரு ஈரமா இருந்துச்சுன்னா, பின்ன ஒண்ணும் பேசக்கூடாதும்மா. வீட்ட வித்துட்டு என்கூட வந்துரணும்."

சரி என்றேன். சரி என்றேனே தவிர, அன்று சாப்பாடு இறங்கவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. இங்கே எப்போது எழுந்திருக்கலாம், எதைச் சமைக்கலாம், யாரை உள்ளே விடலாம் என்பதை நான் முடிவு செய்கிறேன். என் மருமகள் தங்கமானவள். ஆனால் அந்த பிளாட் அவள் வீடு.

ஊருக்குக் கிளம்பும் முன், நான் டென்ஷன் ஆகக் கூடாதென்று என் போனில் ஒரு தியான ஆப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒரு பெண் குழைவான குரலில் மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். நான் சுவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சுரண்டல். பட்டையான ஒரு தகடும் ஒரு முக்காலியும் போதும். தினமும் காலையில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. கிரீமுக்கு அடியில் ரோஸ். ரோஸுக்கு அடியில் பச்சை. பச்சை என் கணவர் தேர்ந்தெடுத்த கலர். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அதைச் சுரண்டும்போது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சுரண்டினேன்... வேலை கொஞ்சம் வேகமாகவே நடந்தது.

பூச்சு வெளியே தெரிந்ததும், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் தேதி. மறுநாள் காலை காப்பி டம்ளரோடு வந்து மறுபடி பார்ப்பேன். ஏறியிருந்தால் புதுக் கோடு. பதினோரு வருஷத்தில் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆடியில் ஐந்து நாள் நல்ல வெயில். ஈரம் இறங்க வேண்டும் இல்லையா? ஏறியது! காண்ட்ராக்டர் சொன்னபடி சுவர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்தச் சமயம் வித்துராவில் இருக்கும் என் தங்கைக்குக் காய்ச்சல். போய் நான்கு நாள் இருந்தேன். அங்கே மலைப் பக்கம் கொட்டித் தீர்த்தது. இங்கேயும் ஊற்றுகிறது, தெருவில் முழங்கால் தண்ணீர் என்று சுதா டீச்சர் போனில் சொன்னார். சுவர் கழுத்துவரை நனைந்திருக்கும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று பஸ்ஸில் வரும்போதே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கதவைத் திறந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மூலைக்குப் போனேன். ஈரம் என் கடைசிக் கோட்டுக்கு மூன்று விரல் கீழே இறங்கியிருந்தது.

அந்த மழையில்... இறங்கியிருந்தது! முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். மழை பெய்த நாளில் காய்ந்தது. வெயில் அடித்த நாளில் நனைந்தது. நடுவில் மாறியது என்ன? நான் வீட்டில் இல்லை. அப்படியானால் சுவரை நனைத்தது மழையில்லை, நான்தான்.

அந்த மூலைக்கு நேர் பின்னால் குளியலறை. என் வாளி இருக்கும் இடம். வாளியை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தால், தரை டைல்ஸுக்கு நடுவே இருக்கும் பூச்சு நாலைந்து இடத்தில் காணவே காணோம். நான் குளிக்கும் தண்ணீர் அத்தனை வருஷமும் அந்த வழியாக உள்ளே இறங்கிச் சுவரில் ஏறியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஆகாயத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆரியசாலையில் ஒரு டைல்ஸ் சாமான் கடை. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். இடுக்கு அடைக்கும் பூச்சு கேட்டேன். அவர் என் சேலையைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"டைல்ஸ் ஒட்டுத ஆள அனுப்புங்கக்கா. அவர்ட்ட வெவரமா சொல்லுதேன்."

"எங்கிட்டயே சொல்லுங்க. அந்த ஆளு நான்தான்."

ஒரு விநாடி என்னையே பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, பழைய பூச்சைச் சுரண்டுவது, இரண்டு டப்பாவில் உள்ளதைக் கலப்பது, துணியால் துடைப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அடைக்க வேண்டும், ஈரத்தில் போட்டால் நிற்காது என்பதை மூன்று தடவை சொன்னார்.

மூன்று தடவை கேட்டும் என்ன செய்தேன்? ஓணம் நெருங்குகிறதே என்று மறுநாளே, ஒரே காலையில், எல்லா இடுக்கையும் அடைத்தேன். அவசரத்தில் ஒரு டைலையும் உடைத்தேன். ஒரு வாரத்தில் பூச்சு நகம் பட்டதும் பெயர்ந்து வந்தது. ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்கும் அதே புத்திதான், தரையிலும் வேலை செய்திருக்கிறது.

அன்று எனக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோபத்தில் ஒரு நல்ல முடிவு எடுத்தேன். மாடியிலிருக்கும் சின்னக் குளியலறைக்கு மாறிவிட்டேன். கீழே ஃபேனைப் போட்டு, தரையைப் பத்து நாள் காயவிட்டேன். பிறகு நாளைக்கு ஒரு வரிசை. ஒரு வரிசை முடிந்தால் எழுந்துவிடுவேன், கை துறுதுறுத்தாலும். உடைந்த இடத்தில் அதே நிறத்தில் டைல் கிடைக்கவில்லை. வெள்ளைக்கு நடுவே ஒரு நீலம் உட்கார்ந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நிதானம் என்றால் சாந்தமாக இருப்பது என்றுதான் அந்த ஆப் சொல்கிறது. எனக்கு அப்படி இல்லை. என்னைச் சுற்றி எல்லோரும் அவசரப்படும்போது அசையாமல் முக்காலியில் உட்காருவதற்கு நிறையப் பிடிவாதம் வேண்டியிருந்தது.

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காண்ட்ராக்டர் போன் செய்தார். கையில் ஒரு பெயிண்டர் சும்மா இருக்கிறாராம். ஒரே ஒரு கோட் அடித்தால் மகனுக்கு ஒன்றும் தெரியாதாம். மனிதர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. தோற்றுவிட்டால் வீடே போய்விடுமே! ஆனால் மகனை ஏமாற்றிவிட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் நான் எப்படிக் காப்பி குடிப்பேன்? வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மணி வந்தான். பையைக்கூட இறக்காமல் மூலைக்குப் போனான். உள்ளங்கையை வைத்து அழுத்தினான். குனிந்து தரை ஓரத்தில் வைத்தான். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, ஏறிய கோடுகளையும் இறங்கிய கோடுகளையும், ஒவ்வொரு தேதியாகப் படித்தான். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன்.

"காஞ்சிருக்கும்மா" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பின்ன ஏன் பெயிண்ட் அடிக்கல?"

"உள்ளயும் காயட்டும் மக்கா. மாசியில அடிக்கேன்."

"மாசியிலயா?"

"ஆமா. நான் இங்கதானே இருப்பேன்."

கலர் இன்னும் முடிவு செய்யவில்லை. பச்சை மட்டும் கிடையாது.