பிள்ளைபிடிகாரன்

பிள்ளைகளைக் கடத்துகிறவனுக்கு எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் பிள்ளைபிடிகாரன் என்று பெயர். அவனைக் கண்டவர் யாருமில்லை. ஆனாலும் சோறு உண்ணாத பிள்ளை இருக்கும் வீடுகளிலெல்லாம் அவன் பெயர் தினமும் ஒலிக்கும். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது பக்கத்து ஊரில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று பேச்சு கிளம்பியது. அதன்பிறகு அம்மா அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"ஆரு மிட்டாய் தந்தாலும் வாங்காத. கையப் பிடிச்சா கூப்பாடு போடணும், கேட்டியா?"

பள்ளிக்கூடம் விட்டதும், அம்மா வந்து கூட்டிப்போகும்வரை நான் வாசலை விட்டு நகரமாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வரத் தாமதமானது. வாசலில் தனியாக நின்றேன். மீசையில்லாத ஒரு ஆள், தோளில் பையோடு, அத்தர் மணக்க என் முன்னால் வந்து குனிந்தார். கையில் மிட்டாய். "மக்கா, வா, வீட்டுக்குப் போவோம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அம்மா சொன்னபடியே எல்லாம் நடந்தது. நானும் அம்மா சொன்னபடியே செய்தேன்.

"பிள்ளபிடிகாரன்!"

ஆட்டோக்காரர்களும் கடைக்காரர்களும் ஓடிவந்து அவரைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள். மிட்டாய்கள் சிதறின. "எனக்க மோளாக்கும்! சொந்த மோளாக்கும்!" என்று அவர் கதறினார். ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏட்டி, இது ஒனக்க அப்பனா?"

எனக்கு இரண்டு வயதாகும்போது அப்பா வளைகுடாவுக்குப் போனவர். சுவரிலிருந்த படத்தில் அவருக்குப் பெரிய மீசை. மற்றபடி எனக்கு அவர் போனில் கேட்கும் ஒரு குரல்தான்.

"இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது. அம்மா அலறிக்கொண்டு வந்து நடுவில் விழும்வரை நிற்கவில்லை.

அடித்தவர்களே அவர் சட்டையைத் தட்டிவிட்டு, சோடா வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு நல்ல விவரம் என்று என்னைப் பாராட்டினார்கள். சொல்லாமல் வந்து மகளை ஆச்சரியப்படுத்த நினைத்தவர், கிழிந்த உதட்டோடு சிரித்தார். "எனக்குப் பிள்ளையப் பிடிக்கும். அப்போ நான் பிள்ளபிடிகாரன்தானே?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு மாத விடுப்பிலும் அவர்தான் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். சாலையைக் கடக்குமிடத்தில் ஒரு விரலை மட்டும் நீட்டுவார். நானாகப் பிடிக்கும்வரை அசையாமல் நிற்பார். வளைகுடாக்காரர்கள் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பிப் போகும் நாளில் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மக்கா, அப்பா ஒன்னத் தூக்கட்டா?"

"வேண்டாம், புதுச் சட்ட கசங்கிரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மகளைத் தூக்க ஒருவர் மகளிடமே ஏன் அனுமதி கேட்கிறார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.