சாரலில் எடை கூடிய உப்பு

போன வாரம் அக்கா மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். மலைக்குள் இருக்கும் ஒரு மின்நிலையத்தில் அவனுக்கு வேலை. மேலே ஓர் ஏரி, கீழே ஓர் ஏரி. மின்சாரம் மிஞ்சும்போது கீழ்த்தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது அதையே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நடுவில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம் போல ஒரு குழாய். அதன் வெளிப்பக்கம் தீப்பெட்டி அளவில் சில பெட்டிகள் ஒட்டியிருந்தன. ஒன்று சத்தத்தை அனுப்புமாம், எதிரில் இருப்பது வாங்கிக்கொள்ளுமாம். தண்ணீர் போகிற போக்கிலேயே போனால் சத்தம் சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போனால் தாமதமாகும். அந்த வித்தியாசத்தை வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்லிவிடுகிறார்கள்.

"தண்ணியத் தொடவே வேண்டாம் சித்தி" என்றான்.

எனக்கு உடனே ஈர உப்புச் சாக்கின் வாசம் வந்தது. உப்புக்கு ஏது வாசம் என்று கேட்காதீர்கள். சணல் சாக்கில் கிடந்து கசிகிற கல்லுப்புக்கு உண்டு. மழையில் நனைந்த நாய்க்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு வாசம்.

பத்தாவது முடித்து, தையல் பழகி, அதுவும் கைக்கு வராமல் தென்காசிப் பக்கத்துக் குத்துக்கல்வலசை வீட்டில் சும்மா இருந்தபோது எனக்கு அந்த உப்பு வேலை கிடைத்தது. இப்படி இரண்டு ஏரி கட்டலாமா என்று பார்க்க ஒரு கம்பெனி ஆட்களை அனுப்பியிருந்தது. ஒருமுறை நிரப்பிய தண்ணீர்தான் ஏறி இறங்கும். ஆனாலும் வெயிலில் வற்றுவதையும் கசிவதையும் ஈடுகட்ட ஓர் ஓடை வேண்டும். குற்றாலத்துக்கு மேலே ஒரு சின்ன ஓடையைப் பிடித்திருந்தார்கள். அது சிற்றாற்றில்தான் போய்ச் சேருகிறது. அதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. எஞ்சினியர் சார், சுடலை அண்ணாச்சி, நான். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்றார்கள், அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

அளக்கிற விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணாச்சி ஒரு டிரம்மில் எடை போட்ட உப்பைக் கரைத்து ஓடையில் ஒரேயடியாகக் கவிழ்ப்பார். இரைச்சலில் குரல் கேட்காது, சிவப்புத் துண்டைத் தூக்கி ஆட்டுவார். கீழே தள்ளி நான் ஒரு மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உப்பு வந்து சேர்ந்ததும் மீட்டரில் எண் ஏறும், பிறகு இறங்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுத வேண்டும். ஓடையில் தண்ணீர் அதிகமென்றால் எண் கொஞ்சம்தான் ஏறும், குறைவென்றால் நிறைய ஏறும். ரசத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டால் உப்பு தெரியாதே, அதே கதைதான். குளிக்கிற ஜனங்களின் எண்ணெயும் சோப்பும் கலந்தால் மீட்டர் குழம்பும் என்று ஆள் ஏறாத இடமாகப் பார்த்து உட்காருவோம்.

அண்ணாச்சிக்கு இந்த ஏற்றி இறக்குகிற விஷயம் பிடிபடவே இல்லை. "கரண்டச் செலவழிச்சு மேல ஏத்துதாங்க, பொறவு கரண்டுக்காகக் கீழ விடுதாங்க. கிறுக்கா புடிச்சிருக்கு?"

"கரண்ட் எடுக்கிற காத்தாடியெல்லாம் நல்லாச் சுத்துற நேரம் கரண்ட் மிஞ்சும் அண்ணாச்சி. அதை எங்க வைக்கிறது? தண்ணியா மேல வச்சுக்கிறாங்க" என்றார் சார்.

"அப்பம் மலை மேல பேட்டரின்னு சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

ஆனியில் சாரல் பிடித்ததும் ஓடை பெருகியது. சார் கணக்குப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இதில் எடுத்துக்கொண்டாலும் கீழே குறையாது என்று எழுதப்போவதாகச் சொன்னார். அண்ணாச்சிக்கு வீரகேரளம்புதூர்ப் பக்கம் சிற்றாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. "இம்புட்டுத் தண்ணி போகுதுன்னா எடுத்துட்டுப் போட்டும். நம்ம வயலுக்கு மிச்சம் கெடக்கும்லா" என்று ஊரிலும் சொல்லிவிட்டு வந்தார்.

உப்பை வாங்கி வீட்டில் வைத்து, கிலோ கிலோவாகப் பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா குழம்புக்கு உப்பு அள்ளினாள். வழக்கத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"ஏம்மா கூடப் போடுத?"

"சாரல்ல உப்பு தண்ணியால்லா கெடக்கு. பாதி தண்ணிதான் கைல வருது."

என் பொட்டலங்கள் நினைவுக்கு வந்தன. கட்டி வைத்திருந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்து இரும்புச் சட்டியில் வறுத்தேன். புகை போல ஆவி போனது. எடை போட்டால் கிலோவுக்குக் குறைந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் ஓடையில் போட்டது நாங்கள் எழுதி வைத்த உப்பு இல்லை. மீட்டரில் எண் குறைவாக ஏறியதற்கு உப்பு குறைந்ததும் காரணம். நாங்கள் எல்லாவற்றையும் தண்ணீரின் பெருக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

அளந்ததையெல்லாம் எழுதிய ரிஜிஸ்டர் திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகிறது. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் இல்லாத தண்ணீரை நம்பி ஏரி கட்டுவார்கள், அண்ணாச்சி வயலுக்கு வருவது குறையும். சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். சாரைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு, வறுத்த பொட்டலத்தைத் தராசில் வைத்தேன்.

"சார், இது நேத்து ஒரு கிலோ."

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏட்டி, மிச்சத்தத் தின்னுட்டியா?"

"வறுத்தேன் அண்ணாச்சி."

சார் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். "காஞ்ச உப்பு கடைசியா எப்பப் போட்டோம்?"

"சாரலுக்கு முந்தி சார்."

"மத்த நாள்ல எந்தப் பொட்டலத்துல எவ்வளவு ஈரம்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் ஊர்ல வேற சொல்லிட்டனே" என்றார். அவ்வளவுதான்.

சார் திட்டவில்லை. ரிஜிஸ்டரில் சாரல் நாட்களின் கணக்கை ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாக அடித்தார். ஓரத்தில் 'உப்பில் ஈரம்' என்று எழுதி என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அதன்பிறகு உப்பை வறுத்து, மூடி போட்ட தகர டின்னில் கொண்டுபோனோம். ஆனால் அதற்குள் சாரல் ஓய்ந்து ஓடை மெலிந்துவிட்டது. கணக்குப் போட்டு வந்த தண்ணீர் அளவெல்லாம் சின்ன எண்கள். புரட்டாசியில் கம்பெனி ஓடைப் பக்கம் எங்களுக்குப் போட்டிருந்த கொட்டகையைப் பிரித்தது, அடுத்த வருஷம் யாரும் வரவில்லை. சாரை அப்புறம் நான் பார்த்ததே இல்லை. அண்ணாச்சியும் இப்போது இல்லை.

அடித்த வரிகளுக்கு எதிரே சரியான எண்ணை எழுத வழியே இல்லாமல் போயிற்று. அந்தச் சாரலின் தண்ணீர் எங்களைத் தாண்டி, தென்காசியைத் தாண்டி, அண்ணாச்சியின் வயலில் கொஞ்சம் பாய்ந்து, மீதி எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு போனது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசைதான்.